ரோலுக்கு முப்பத்தாறு

ஜனவரி 4

பீரோவின் அடித்தட்டில், மகளின் பழைய பட்டுப்பாவாடைக்குள் சுற்றிக் கிடந்தது யாஷிகா கேமரா. லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை. கடைசியாக இதில் போட்டது ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல். 1989, வங்கி வேலை கிடைத்த வருஷம். அப்புறம் மாற்றல், பதவி உயர்வு, மறுபடி மாற்றல். காசோலைக் கையெழுத்தை ஒத்துப் பார்த்தே 35 வருஷம் போயிற்று.

பழுதுபார்க்கிறவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, “விடுங்க அண்ணாச்சி, இது தேறாது” என்றார். மருமகன் தன்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 9

விடியுமுன் குறுக்குத்துறை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முருகன் கோவிலைச் சுற்றி ஆறு இன்று சாதுவாகப் போகிறது. பாறையில் ஒரு பாம்புத்தாரா, சிறகை விரித்துக் காயப்போட்டபடி. 340 படம் எடுத்தேன். ரோல் காலத்தில் இது ஒரு வருஷத்துச் செலவு.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாவற்றிலும் தப்புதான் கண்ணில் படுகிறது. இதில் மின்கம்பி, அதில் மிதக்கும் ஷாம்பு உறை. பொருந்தாத கையெழுத்தைத் தேடும் புத்தி இன்னும் ஓய்வு பெறவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன், பாம்புத்தாராவையும் சேர்த்து. ராத்திரி அதற்காக வருத்தப்பட்டேன்.

ஜனவரி 16

பொங்கல் கூட்டம் கிளம்பிவிட்டது. ‘மழைக்காலமும் குயிலோசையும்’ படிக்க எடுத்தேன். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் 1912-ல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். சட்டம் படித்தார். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் என்று பல நாற்காலிகள். சமஸ்தானம் 1949-ல் இந்தியாவோடு இணைந்தது. அவர் சென்னைக்கு வந்து காட்டையும் கேமராவையும் பேனாவையும் நம்பி வாழ்ந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996-ல் சாகும்வரை பத்தி எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு பூதத்தைப் பூட்டி, ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று தானே பெயரும் வைத்துக்கொண்டார்.

நாற்பது தொடுமுன் மாதச் சம்பளத்தை மறந்தவர். நான் ஓய்வூதிய ஆணையைக் கையில் வாங்கிய பிறகு பீரோவைத் திறந்தவன். குடும்பத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் இருந்தது. வயிறு எரிகிறது, மரியாதையோடு.

பிப்ரவரி 2

கூந்தன்குளம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழி வந்து நிறைகிற குளம். ஆனால் மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்தில் மட்டுமா இருக்கின்றன? தெரு மரத்திலும் வீட்டு முற்றத்து மரத்திலும் கூடு கட்டிக் குடும்பம் நடத்துகின்றன. முப்பத்தாறோடு நிறுத்துவது என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறிற்று. தாய் நாரை சிறகைக் குடையாக்கிக் குஞ்சுகள்மேல் விரித்தது. எங்கே நின்று பார்த்தாலும் குறுக்கே மின்கம்பி, கீழே துணிக்கொடி. நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். திண்ணையிலிருந்த ஆச்சி, “அங்கிட்டும் இங்கிட்டும் அலையாதிய, குஞ்சு மிரளும்” என்று அதட்டினாள். நின்ற இடத்திலேயே நின்று, கம்பியோடும் கொடியோடும் எடுத்தேன். இருபத்தொன்பதாவது படம்.

பிப்ரவரி 3

அதை மட்டும் அழிக்கவில்லை. வீட்டுக்காரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். குஞ்சைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“கொடியில கிடக்க சேலையில எச்சம் விழுந்திருக்கு பாருங்க. பாவம், மறுபடி அலசியிருப்பா.”