கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் இருந்தது: சில குறிப்புகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரமாக சேலம் – பெங்களூரு ரயில் பாதை போகிறது: ராயக்கோட்டை, பெரியநாகதுணை, கெலமங்கலம், ஓசூர். கிழக்கு ஓரமாக ஜோலார்பேட்டை – சேலம் பாதை, அதில் சாமல்பட்டி. நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுவில்தான் மாவட்டத் தலைநகரம். தேசிய நெடுஞ்சாலைகள் 42, 44, 48, 77 நான்கும் கூடுகிற ஊர். அங்கிருந்து ரயில் ஏற வேண்டுமென்றால் ராயக்கோட்டைக்கோ, திருப்பத்தூருக்கோ, ஆந்திரத்துக் குப்பத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும்.

நூறு வருடத்துக்கு முன்பு அந்தத் தொல்லை இல்லை.

*

1905: திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி, சுமார் 25 மைல். 1906: மொரப்பூர் – தர்மபுரி, சுமார் 18 மைல். 1913: அந்த இரண்டாவது பாதை பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. இரண்டுமே குறுகிய பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான். மெட்ராஸிலிருந்து சேலம் போகும் அகலப் பாதைக்கு ஐந்தரை அடி.

*

இந்த வறண்ட மேட்டில் அவ்வளவு செலவு செய்து ரயில் விட்டது யாருக்காக? வியாபாரிகளுக்காக அல்ல, பஞ்சத்துக்காக. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அப்போதைய சேலம் மாவட்டம் கொத்துக் கொத்தாகச் செத்தது. அப்போதே சேலத்துக்கு ரயில் வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ரயிலில் தானியம் திருப்பத்தூர் வரை வரும், மொரப்பூர் வரை வரும். அங்கிருந்து மேட்டுக்கு ஏற்ற மாட்டு வண்டி வேண்டும். மழை பொய்த்த வருடத்தில் தீவனமில்லாமல் முதலில் விழுவது மாடுதான். வண்டி நின்றுவிட்டால் ஸ்டேஷனில் மூட்டை குவிந்திருந்தாலும் முப்பது மைல் தள்ளி இருப்பவனுக்குப் பட்டினிதான்.

1880-இல் பஞ்சக் கமிஷன் பரிந்துரைத்த பாதுகாப்பு ரயில் பாதைகள் இந்தக் கணக்கில் பிறந்தவை. இந்த இரண்டும் அந்த வகைதான், லாபம் வராது என்று தெரிந்தே போட்டவை. ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது: ரயில் தானியத்தைக் கொண்டுவரும், வெளியூரில் விலை ஏறினால் இங்கிருந்து கொண்டுபோகவும் செய்யும். கையில் காசில்லாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

*

இரண்டரை அடி அளவு அந்தக் காலத்து மலிவு வழி. சோலாப்பூர்ப் பக்கம் எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர் 1897-இல் பார்சி லைட் ரயில்வேயை ஓட்டிக் காட்டினார். சின்னப் பாதையிலும் அச்சின் எடையைச் சரியாகப் பகிர்ந்தால் பெரிய லோடு இழுக்கலாம் என்பது அவர் வாதம். வளைவு நெருக்கமாக இருக்கலாம், மண்வேலை குறைவு, பாலம் சிறிது. பாலாகாட் எனப்பட்ட மேட்டில் இருக்கும் ஓசூருக்கு, கீழே பாராமகால் எனப்பட்ட தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஏறிப் போகும் பாதைக்கு இது தோதுதான்.

மலிவுக்கு விலை வேறு இடத்தில் இருந்தது. மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் ஒவ்வொரு மூட்டையையும் சின்ன வேகனிலிருந்து இறக்கிப் பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சேதாரம். லாரி வந்ததும் அந்தச் செலவே எதிரியாயிற்று. புளி மண்டியில் ஏற்றிய லாரி நேராகச் சேலத்தில் இறக்கிவிடும். நடுவில் யாரும் மூட்டையைத் தொட வேண்டியதில்லை.

*

மொரப்பூர் – ஓசூர் பாதை 1941-இல் மூடப்பட்டது. போர்க்காலம். லாபமில்லாத பாதைகளின் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த காலம். போர் முடியும்போது கிருஷ்ணகிரிப் பாதையும் இல்லை. பஞ்சத்துக்குப் போட்டதற்கு வருமானக் கணக்குப் பார்த்து முடிவு கட்டினார்கள். ஓசூர் பாதையை மூடிய இரண்டு வருடத்தில், 1943-இல், வங்காளத்தில் பஞ்சம் வந்தது. இந்த மேட்டில் வந்திருந்தால் மூட்டை எதில் ஏறியிருக்கும்?

*

ஓசூருக்கு ரயில் திரும்பி வந்தது 1960-களின் சேலம் – பெங்களூரு மீட்டர் கேஜ் திட்டத்தில். 1990-களில் அது அகலப் பாதையானது. ஆனால் புதுப் பாதை தர்மபுரியிலிருந்து தொப்பூர் வழியாக ஓமலூருக்கு இறங்கிவிட்டது. மொரப்பூர் விடுபட்டது. தர்மபுரிக்காரர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் மொரப்பூர் போய் ஏற வேண்டும். மொரப்பூர் – தர்மபுரியை மறுபடி இணைக்கும் 36 கிலோமீட்டர் திட்டத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 1906-இல் ஓடிய ரயிலுக்கு 2019-இல் அடிக்கல்.

கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு சர்வே வரும்.

*

இதே மாதிரி ஒரு கதை வட அமெரிக்காவின் கோதுமை நாட்டில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. பெரிய ரயில் கம்பெனிகள் லாபமில்லாத கிளைப் பாதைகளைக் கைவிடத் தொடங்கியபோது, அவற்றைச் சிறு கம்பெனிகள் வாங்கி ஓட்ட 1980-இல் அமெரிக்காவில் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் வழியைச் சுலபமாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில் கோதுமை ஏற்றும் ஏறத்தாழ 300 மைல் பாதையை 2004 – 2007 காலத்தில் மாநில அரசே வாங்கிக்கொண்டது. கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் தென்மேற்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற சிறு ரயிலை 2004-இல் உள்ளூர் விவசாயிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். ரயில் போனால் கோதுமை லாரியில் போகும், ஊர்ச் சாலை நாசமாகும், அதைச் சரிசெய்யும் செலவும் நம் தலையில்தான் விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இங்கே 1941-இல் பாலக்கோட்டு விவசாயியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கக் காசு ஏது?

*

நம் பக்கம் கோதுமை விளைவதில்லை. கேழ்வரகு, நிலக்கடலை, புளி, மா. ரேஷன் கடைக் கோதுமை வடக்கிலிருந்து ரேக் ரேக்காக வருகிறது. ரேக் என்றால் நாற்பதுக்கு மேல் வேகன், இரண்டாயிரம் டன்னுக்கு மேல் லோடு. 1980-களிலிருந்து ரயில்வே முழு ரேக்காகக் கேட்பவரைத்தான் விரும்புகிறது. ஒன்றிரண்டு வேகன் கேட்பவரை அல்ல. சின்ன ஸ்டேஷன்களின் கூட்ஸ் ஷெட்டுகள் அப்படித்தான் காலியாயின. பழைய சின்ன ரயிலில் ஒரு வேகன் புளி ஏற்ற முடிந்தது. இன்று ஒரு மண்டி முழுவதையும் திரட்டினாலும் ரேக் நிரம்பாது.

*

ஓசூர் ரோஜா ரயிலுக்குக் காத்திருக்காது. ராயக்கோட்டைத் தக்காளியும் அப்படித்தான். இரவே லாரி ஏறிவிட வேண்டும். ஓசூர் தொழிற்சாலைகளின் உதிரி பாகங்கள் சின்னச் சின்ன லோடாக, மணிக் கணக்கில் போய்ச் சேர வேண்டியவை. இவற்றை ரயில் பிடித்துவிடும் என்று சொல்பவர் வண்டி வாடகை கொடுத்துப் பார்க்காதவர்.

ஆனால் கிரானைட் கல் இருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஆலைகளில் டிரம்மில் அடைத்து ஏற்றுமதியாகும் மாங்கூழ் இருக்கிறது. கனம், கெடாது, சேருமிடம் துறைமுகம். பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளில் ஆலைகள் பெருகிவிட்டன. இவையெல்லாம் இன்று நெடுஞ்சாலையில்தான் நகர்கின்றன. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒரு மாலை நின்றால் எந்த ரயில் இங்கே இல்லை என்பது புரியும்.

*

ஒரு நிர்வாகச் சிக்கல். ஓசூர் பாதை தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில், தலைமையகம் ஹூப்ளி. சாமல்பட்டிப் பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில், தலைமையகம் சென்னை. ஒரே மாவட்டத்தின் சரக்குக்கு இரண்டு வாசல், இரண்டு மனு.

*

அமெரிக்கச் சட்டம் இங்கே பொருந்தாது, தண்டவாளம் ரயில்வேயுடையது. ஆனால் தனியார் சைடிங், அதாவது ஆலைக்கென்று பிரியும் கிளைத் தண்டவாளம், பழைய ஏற்பாடு. 2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையும் வெளியார் பணத்தில் சரக்கு முனையம் கட்ட இடம் கொடுக்கிறது. கல் குவாரிக்காரர்களும் மாங்கூழ் ஆலைக்காரர்களும் சிப்காட்டும் கூடினால் சாமல்பட்டியிலோ ராயக்கோட்டையிலோ ஒரு பொது முனையம் கட்டிக்கொள்ளலாம். லோடு அங்கே சேர்ந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பாதைக்கான வாதம் பாதி முடிந்தது.

புதிய பாதை கேட்டால் ரயில்வே முதலில் பார்ப்பது வருவாய் விகிதம். நாம் இதுவரை நீட்டியதெல்லாம் பயணிகளின் மனு. அடுத்த சர்வே வரும்போது தொழில் சங்கங்கள் தங்கள் மாதாந்திர டன் கணக்கை எழுதிக் கொடுக்கட்டும். 1905-இல் பசியைக் காட்டி வாங்கிய ரயிலை இனி லோடைக் காட்டித்தான் வாங்க முடியும்.