ரிம்மைக் குறைத்து, ரப்பரைக் கூட்டி

கோவையில் என் டயர் கடைக்கு மஹிந்திரா தார் கொண்டுவரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணை மனதில் முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். "அண்ணா, 33 போட்டுரலாங்களா?" டயரின் மொத்த உயரம் 33 அங்குலம் என்று அர்த்தம். நான் முதலில் டயரைப் பற்றிப் பேசுவதில்லை. "போன மாசம் வண்டி எங்கெங்க போச்சுங்க தம்பி?" என்று கேட்பேன். அநேகமாக ஒரே மாதிரிப் பதில்தான் வரும். தினமும் அவிநாசி ரோடு, வாரக் கடைசியில் 544-ஆம் ஹைவேயில் சேலம், எப்போதாவது வால்பாறை. ரோடே இல்லாத இடம் என்றால் வருஷத்தில் சில நாள். அந்தச் சில நாளுக்காகத்தான் டயர் மாற்ற வந்திருக்கிறார். அதில் தப்பே இல்லை. வண்டி சிக்கிக்கொள்வதும் அந்த நாட்களில்தானே. ஆனால் மீதி நாட்களிலும் அதே டயர்தான் குடும்பத்தைச் சுமக்கப்போகிறது.

2020-இல் வந்த தார் இரண்டு அளவு டயரோடு வந்தது. எல்.எக்ஸ். வண்டிக்கு 255/65 ஆர்18, ஏ.எக்ஸ். வண்டிக்கு 245/75 ஆர்16. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 255-இல் 65 சதவீதம் ஏறக்குறைய 166 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் 18 அங்குல ரிம். கூட்டினால் 789 மி.மீ., ஏறக்குறைய 31 அங்குலம். ஆர்16 டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 774 மி.மீ. வருகிறது. மொத்த உயரத்தில் 15 மி.மீ. குறைவு, பக்கச்சுவரோ 184 மி.மீ. அதாவது 18 மி.மீ. ரப்பர் கூடுதல். டயர் வாங்க வருகிறவர்கள் மொத்த உயரத்தைப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பக்கச்சுவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஏன் என்பது மணலில் இறங்கினால் தெரியும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மணலின் குணம் புரியும். காய்ந்த நாளில் கால் வைத்தாலே கணுக்கால்வரை இறங்கும். அங்கே பனந்தோப்பு வைத்திருக்கிற வாடிக்கையாளர் ஒருவரோடு போயிருந்தேன். ரோட்டுக் காற்றோடு தோப்புத் தடத்தில் இறங்கியதும் பின்சக்கரம் தனக்கே குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வண்டியை நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றி, நாலு டயரிலும் காற்றை இறக்கினோம். கேஜில் 16 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்தினோம். டயரின் அடிப்பக்கம் பிதுங்கி, தரையில் பதியும் நீளம் கூடியது. பின்னால் கொஞ்சம் நகர்த்தி முன்னே எடுத்ததும் வண்டி மணல்மேல் ஏறி நடந்தது. இறங்கிப் பார்த்தேன். முதலில் பதிந்த தடம் வாய்க்கால்போல ஆழமாக இருந்தது. காற்று இறக்கிய பிறகு பதிந்த தடத்தில் டயரின் ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாகத் தெரிந்தது.

வண்டியைத் தூக்கியது டயரின் உயரமும் இல்லை, அகலமும் இல்லை. காற்றை இறக்கினால் மடங்கிக் கொடுக்கிற பக்கச்சுவர். அது குட்டையாக இருந்தால் மடங்க இடமில்லை. மணலுக்குள் மறைந்திருக்கும் பனைவேரோ கல்லோ ரிம்மோடு சேர்த்து நசுக்கிவிடும். நசுங்கிய பக்கச்சுவரைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரே போய்விடும்.

இனி அந்த 33-க்கு வருவோம். 17 அங்குல ரிம்மில் 285/70 போட்டால் மொத்த உயரம் 831 மி.மீ. 18 அங்குலத் தாரோடு ஒப்பிட்டால் 42 மி.மீ. கூடுகிறது. ஆனால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதிதான், 21 மி.மீ. அந்த 21 மி.மீ.க்குத் தினமும் கொடுக்கிற விலையை எடுத்துச் சொல்லத்தான் எனக்கு நேரம் பிடிக்கிறது.

சக்கரத்தின் சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. எல்லாக் கியரும் அதே அளவுக்கு நீண்டுவிட்டதாக அர்த்தம். காட்டுக்குள் 4எல் என்ற லோ கியரைப் போட்டுச் சமாளிக்கலாம். இழுவை குறைவது உறைப்பது தார்ச்சாலை மலையில்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி முதல் கியரைக் கேட்கும். மேலேயிருந்து இறங்கும்போது பிரேக்குக்கும் வேலை கூடும். டிஸ்கும் பேடும் பழையவை, சுற்றுகிற எடையோ பல கிலோ அதிகம், அதுவும் நடுவிலிருந்து இன்னும் தள்ளி. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முள் முன்பு 100 காட்டிய அதே நிஜ வேகத்தில் இப்போது 95-இல் நிற்கும். "மைலேஜ் விழுந்துருச்சுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதையும் விளக்குவேன். வண்டி 1000 கி.மீ. ஓடியிருந்தாலும் மீட்டரில் 949 கி.மீ.தான் ஏறியிருக்கும். அதைத் திருத்திக்கொண்டு கணக்குப் போட்ட பிறகும் மைலேஜில் குறை மிஞ்சினால், அதுதான் டயர் உண்மையில் தின்ற டீசல்.

நான் சொல்கிற வழி வேறு. ரிம்மை 16-க்கு இறக்குங்கள். ஏ.எக்ஸ். வண்டி அதே ரிம்மில்தான் கம்பெனியிலிருந்து வந்தது என்பதால் பிரேக்கில் இடிக்குமோ என்ற பயம் இல்லை. அந்த ரிம்மில் 265/75 போட்டால் மொத்த உயரம் 804 மி.மீ., 18 அங்குல டயரைவிட இரண்டு சதவீதம்தான் கூடுதல். பக்கச்சுவர் 199 மி.மீ. இப்போது 285/70 ஆர்17-ஐத் திரும்பக் கணக்குப் போடுங்கள். அதிலும் பக்கச்சுவர் 199 மி.மீ. சொச்சம்தான். மடங்குகிற ரப்பர் இரண்டிலும் ஒன்றே. கியர், பிரேக், மீட்டர் எதையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் அது கிடைத்துவிடுகிறது. ரிம்மின் அகலம் 7 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. 265/75 கம்பெனி கொடுத்த அளவு இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து விலகி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே விளக்கியது. இன்சூரன்ஸ்காரரிடம் எந்தப் பேச்சும் வரக்கூடாது என்று நினைப்பவருக்கு 245/75 ஆர்16-ஐத்தான் கை காட்டுவேன். தரையிலிருந்து 7 மி.மீ. இறங்கும், அவ்வளவுதான். தேரி மணலுக்கும் கல்லுத் தடத்துக்கும் அது போதும். ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. 195/80 ஆர்15 என்பது ஏற்கெனவே சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர். ஆசைக்கு 215/75 போட்டால் உயரம் பத்து மி.மீ. கூடும். அதற்கு மேலே போனால் அந்த ஒன்றரை லிட்டர் எஞ்சின் மலையில் திணறும்.

அகலத்தின்மேல் இருக்கிற மோகமும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் காலத்து ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லி டயரில்தான் மலையேறின. சேற்றில் ஒல்லி டயர் மேல்சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். மழையில் ஹைவேயில் தேங்கிய தண்ணீரையும் அகல டயரைவிட நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மட்டும் தனிக் கதை. அங்கே மழைக்குப் பிறகு ஆல் டெரெய்ன் டயரின் பட்டன் இடுக்குகளில் மண் அப்பிக்கொண்டு டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மட் டெரெய்ன் டயர்தான் சுழற்றி உதறும். ஆனால் ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது மட் டெரெய்ன் டயர்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கரிசலில் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர் அல்லாத யாருக்கும் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

புது அளவு ஏற்றியதும் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்வேன். முன்டயரின் இரண்டு தோள்களிலும் அழுத்தித் தேய்த்து, ஒரு பக்க முன்சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் முழுசாகத் திருப்பச் சொல்வேன். அப்புறம் டார்ச் அடித்து மட்கார்டின் உட்பக்கம், பம்பரின் முனை, சேஸிஸ் எல்லாவற்றையும் பார்ப்பேன். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே நாளைக்கு ரப்பர் உரசும். தட்டையான கடைத்தரையில் உரசாத வண்டி, ஒரு சக்கரம் மேலேறும்போது உரசும். கட்டை அதற்காகத்தான். இடம் பண்ணுவதற்கென்று ரிம்மை வெளியே தள்ளி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரிங்குக்கு அது நல்லதில்லை, நான் செய்வதில்லை.

அதே சாக்பீஸ் காற்றுக்கும் உதவும். எல்.டி. எனப்படும் லைட் டிரக் வகை டயர் போட்டால் கதவோர ஸ்டிக்கரில் இருக்கிற காற்று போதாது. அதே எடையைச் சுமக்க அந்தத் தடித்த டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். ஸ்டிக்கர் அளவுக்குமேல் சில பி.எஸ்.ஐ. ஏற்றி, பட்டன்களின் குறுக்கே ஒரு கோடு போட்டு, தெருவில் நேராகக் கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. கோடு முழுக்க ஒரே சீராக அழிகிறவரை கூட்டிக் குறைத்து, அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்க வேண்டும். நாலு டயர் வாங்கிக்கொண்டு ஐந்தாவதைப் பழசாகவே விட்டுவிட்டுப் போகிறவர்களைத் தடுப்பதற்குள் தொண்டை வற்றிவிடுகிறது. உயரம் மாறிய ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் உழைக்கும். 4-வீல் போட்டாலோ முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு எங்காவது உடையும். வேறு வழியே இல்லை என்றால் அதை முன்சக்கரத்தில் மாட்டி, 2-வீலிலேயே மெதுவாக அடுத்த கடை வரைக்கும் போகலாம்.

33 அங்குலத்தைக் கைவிட்டவர்களுக்குக் கையில் மிஞ்சுகிற பணத்தில் ஒரு நல்ல காம்ப்ரசரும் நம்பகமான கேஜும் வாங்கச் சொல்கிறேன். காற்றை இறக்கத் துணிவு வருவதே திரும்ப ஏற்ற வசதி இருந்தால்தான். மணலிலிருந்து ஏறி ரோட்டுக்கு வந்த இடத்திலேயே, நிழல் தேடாமல், டீக்கடை தேடாமல் காற்றை ஏற்றிவிட வேண்டும். 16 பி.எஸ்.ஐ.யோடு நூறில் ஓடினால், மணலில் நமக்காக மடங்கிய அதே பக்கச்சுவர் சித்திரை வெயிலில் சூடேறி, சேலம் போய்ச் சேருவதற்குள் வெடித்துவிடும்.