தேதி குறித்த பிரசவம்

செவ்வாய்

தேதி முடிவாகிவிட்டது. பிள்ளை இன்னும் தலையை மேலே வைத்துக்கொண்டு, பிட்டம் கீழாகத்தான் இருக்கிறது. தலைச்சன் பிரசவம் வேறு, அதனால் ஆபரேஷன். அத்தைக்கு 37-ஆம் வாரத்தில் வந்த ஒரு நட்சத்திரத்தின் மேல் கண். டாக்டரம்மா இறங்கி வரவில்லை. "39 வாரம் ஆகட்டும்மா. அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எடுத்தா பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கண்ணாடிப் பெட்டியில வைக்க வேண்டி வரலாம்" என்றார். அந்த உறுதி எனக்குப் பிடித்தது. 39 வாரத்துக்குப் பிறகு ராகு காலம் பார்த்துக்கொள்ளட்டும், யாருக்கும் நட்டமில்லை. நுரையீரல் பக்குவப்படும் முன்னே நாள் குறிப்பதுதான் கூடாது.

புதன் இரவு

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. கையெழுத்துப் போடுமுன் தாளை முழுக்கப் படித்தேன். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, அபூர்வமாக மூத்திரப்பையில் காயம். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் தெரியாமல் போவதைவிட இது மேல்.

மயக்க டாக்டர் நிதானமாகப் பேசினார். ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னோடு சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி என்று சித்தி சொன்னதைக் கேட்டேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், ஆயுசுக்கும் வலிக்க அது காரணமில்லை என்றார். உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால் மட்டும் உடனே சொல்லச் சொன்னார்.

வெள்ளி

நேற்று எழுதுகிற நிலையில் இல்லை. தியேட்டரில் குளிர். முதுகை வளைத்துக் குனியச் சொல்லி ஊசி போட்டார்கள். கால் இரண்டும் சூடேறி, கனத்து, பிறகு என்னுடையதே இல்லை என்றானது. மரத்த பிறகுதான் மூத்திரக் குழாய் வைத்தார்கள், அதனால் அது தெரியவே இல்லை. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணி. கர்ப்பப்பையின் பாரம் ரத்தக்குழாயை அழுத்தாமலிருக்க மேசையை இடப்பக்கம் சற்றே சாய்த்திருந்தார்கள்.

வலி இல்லை, ஆனால் உணர்வு உண்டு. மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவுவது போல இழுப்பும் அழுத்தமும். வயிற்றின் மேற்புறத்தை ஒருவர் பலமாக அமுக்கினார். உடனே அழுகைச் சத்தம். சில நிமிஷத்தில் பிள்ளை வெளியே வந்துவிட்டாள். அடுக்கடுக்காகத் தைக்கத்தான் நேரம் பிடித்தது. என் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "எல்லாருக்கும் வர்றதுதாம்மா, நடுக்கம் நின்னுரும்" என்று சிஸ்டர் கம்பளி போர்த்தினார். அவளை என் கன்னத்தோடு ஒட்டிவைத்தபோது அழுதுவிட்டேன்.

வார்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப் பெரியம்மா ஒருவர் சங்கோடு வந்தார். சிஸ்டர் விடவில்லை.

இன்று எழுப்பி நடக்க வைத்தார்கள். ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கப்போட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். மல்லாந்தபடியே எழுந்தால் தையல் சுண்டி இழுக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமலிருக்கத்தான் இந்த நடை. "காத்துப் பிரிஞ்சுதா?" என்று காலையிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள்.

ஞாயிறு

பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், "சிசேரியன்தானே, வலியே இல்லாமப் பெத்துட்ட" என்றார். தோல், கொழுப்பு, தசையுறை, கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிய உடம்பு இது. இதே ஆபரேஷன் வேறொரு காரணத்துக்கு நடந்திருந்தால் ஒரு மாதம் வேலை செய்ய விடமாட்டார்கள். எனக்கோ இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பால் கொடுக்கிற வேலை. பால் நன்றாகச் சுரக்கச் சிலருக்கு இரண்டொரு நாள் கூடுதலாகும், அதற்குள் பவுடர் டப்பாவைத் தேட வேண்டியதில்லை. கக்கத்தில் இடுக்கிக் கொடுத்தால் தையலில் பிள்ளையின் கால் படாது. வலி மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறேன். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதைத்தான் எழுதித் தந்திருக்கிறார்கள்.

அத்தை பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும் கொண்டுவந்தார், அமிர்தம். ஆனால் தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றுகிறார், குடித்தால் தையல் சீழ் பிடிக்குமாம். பிடிக்காது. தண்ணீர் இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும். முக்குகிறபோது தையல் படும் பாடு பட்டவளுக்குத்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து

உதிரப்போக்கு இப்போதுதான் ஓய்கிறது. தழும்புக்கு மேலே இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும் என்கிறார்கள். ஆறு வாரம் வரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். அப்படியென்றால் அநேகமாக எல்லாத் தெருவிலும் தையலோடு ஒருத்தி எழுந்து உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மற்ற நாட்களில் தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கெட்டும் இடத்தில் நிறைத்து வையுங்கள்.