நான்காவது தடமும் ஏரித் தண்ணீரும்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும் பாதையை ஒட்டி இன்னொரு மெயின் லைன் போடுவதுபோல மனசுக்குப் பிடித்த வேலை எனக்கு வேறு வாய்த்ததில்லை. வெறும் நிலத்தில் புதுப்பாதை போடுகிறவருக்குப் பகல் முழுக்கச் சொந்தம். எங்களுக்கு அப்படியில்லை. பழைய தடத்தின் நடுவிலிருந்து புதுத் தடத்தின் நடுவுக்குக் குறைந்தது 5.3 மீட்டர், அந்த இடைவெளிக்குள் விசில்காரர் ஊதினால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். சிக்னல் கேபிள் போகிற இடத்தில் ஜேசிபியைக் கிட்டவே விடமாட்டோம், கையால்தான் தோண்டுவோம். ஒரு கேபிள் அறுந்தால் வடசென்னை முழுக்க லோக்கல் நின்றுவிடும்.

சென்னை கடற்கரை – அத்திப்பட்டு நான்காவது தடம் அப்படிப் போட்டதுதான். 22.1 கிலோமீட்டர், 293.40 கோடி ரூபாய். 2021 பிப்ரவரி 14 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். இந்தத் தடம் ஏன் வேண்டியிருந்தது என்பதைத் துறைமுகத்தைப் பார்த்தால் புரியும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த நிலக்கரிக்குப் பெரும்பாலும் எண்ணூர்த் துறைமுகம்தான் கதி. ஒரு நிலக்கரி ரேக் என்றால் 58 வேகன், எஞ்சினோடு 650 மீட்டருக்கு மேல் நீளம், சுமையோடு ஐயாயிரம் டன்னைத் தாண்டும். அது ஒரு ஸ்டேஷனில் லூப் லைனுக்குள், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்துக்குள், ஊர்ந்து ஏறி முடிக்கும் வரை பின்னால் வருகிற எல்லாமே காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பவர்களில் பழவேற்காட்டுப் பெண்களும் உண்டு. ஏரியில் பிடித்த நண்டையும் எறாவையும் கூடையில் ஐஸ் போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுவந்து, லோக்கலில் வெண்டர் பெட்டியில் ஏறுவார்கள். மீஞ்சூரில் வண்டி அரைமணி நின்றால் கூடைக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும். விலை அதோடு இறங்கும்.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். வலை போடுகிறவர்கள் நிறைய. அதனால் ஊர் கூடி, சீட்டுப் போட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். இரண்டே தடம் உள்ள பாதையில் கன்ட்ரோலர் செய்வதும் இதேதான். முறையை எவ்வளவு நேர்மையாக வகுத்தாலும் இடம் பெருகாது. அத்திப்பட்டுவரை நாங்கள் இடத்தைப் பெருக்கினோம். வடக்கே விஜயவாடாவிலிருந்து வரும் மூன்றாவது தடத் திட்டம் கூடூரோடு முடிகிறது. நடுவில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், சூளூர்ப்பேட்டை என்று ஏரியின் மேற்குப் பக்கமாகவே போகும் பகுதியில் மெயின் லைன் இரண்டுதான். அந்தப் பகுதியில்தான் 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது, லூப்பில் நின்றிருந்த சரக்கு வண்டியில்.

இந்தப் பாதை 1899இல் வந்தது. அதன் மண்கரை நூற்றிருபது வருஷம் ரயில் மிதித்து இறுகிப்போனது. நாம் பக்கத்தில் கொட்டுகிற கிராவல் நேற்று வந்தது. அடியில் இருப்பதோ கழிமுகத்துக் களிமண்; சுமை ஏறினால் மெதுவாக, மாதக்கணக்கில் அமுங்கும். பழசும் புதுசும் வேறுவேறு அளவில் அமுங்கினால் நடுவில் கரை பிளக்கும். அதனால் பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, அந்தப் படிகளில் புது மண்ணை உட்கார வைத்து, அடுக்கு அடுக்காக ரோலர் ஓட்டி ஏற்றுவோம். அவசரப்படுத்தினால் அந்த மண் வருஷக்கணக்கில் திருப்பிக் கேட்கும். அதற்குமேல் 350 மில்லிமீட்டர் ஜல்லி, கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர், 60 கிலோ தண்டவாளம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கவனமாகச் செய்தால் வந்துவிடும்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாதையை நடந்து பார்த்துப் பராமரிக்கும் இந்தப் பக்கத்து கீமேன் கையைப் பார்த்தாலே தெரியும், நகக்கண்ணில் கிராஃபைட் கிரீஸ் கறுப்பு போகாது. ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் உப்பில் துருவேறி இறுகிக்கொள்ளும். சுத்தியால் அடித்தாலும் வராது. லைனருக்கு அடியில் தண்டவாளத்தின் பாதம் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். அதைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி, மறுபடி மாட்டுகிற வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை. இந்தப் பாதையைக் காப்பாற்றுவது அந்த வேலைதான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

ஆனால் இதையெல்லாம்விட என் மனசை அதிகம் பிடித்துக்கொண்டது கரைக்கு அடியில் இருக்கும் மதகுகள்தான். பாதை தெற்கு வடக்காகப் போகிறது. கொசஸ்தலையாறு, ஆரணியாறு, காளங்கி எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே வருகின்றன. ஆறுகளுக்குப் பெரிய பாலம் இருக்கிறது, அவற்றை யாரும் மறப்பதில்லை. வயலிலிருந்தும் ஏரிகளின் கலங்கலிலிருந்தும் வழிகிற தண்ணீருக்கு விட்ட சின்ன மதகுகள்தான் மறந்துபோகும். பராமரிப்பில் இருந்த காலத்தில் எளாவூருக்கு வடக்கே அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி மண் மூடியிருந்தது. கோடை, சொட்டுத் தண்ணீர் இல்லை. சைக்கிளில் வலையோடு போன பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். “இத்த அடைச்சிடப் போறீங்களா சார்?” என்றார். இல்லை, சுத்தம் பண்ணத்தான் என்றேன். “ஐப்பசி கார்த்தியில வந்து பாருங்க. இதுல வர்ற நல்ல தண்ணி ஏரிக்குப் போனாத்தான் எங்களுக்கு எறா. தண்ணி வேகமா போனாத்தான் முகத்துவாரமும் தொறந்து கெடக்கும்.”

பழவேற்காடு ஏரி ஆழமற்றது. பெரும்பகுதியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். வெயிலில் உப்பு ஏறிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வந்து அதை இறக்கினால்தான் கடலிலிருந்து உள்ளே வரும் எறாக்குஞ்சு வளரும். சேற்றில் கைவிட்டு எறா பிடிக்கும் இருளர் குடும்பங்களின் அடுப்பும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் எரிகிறது.

புதுத் தடம் போடும்போது பழைய மதகை அப்படியே நீட்ட வேண்டும். அகலம் குறையக் கூடாது, நேர்கோடு விலகக் கூடாது, புது மதகின் தரைமட்டம் பழசைவிட ஒரு விரல்கூட உயரக் கூடாது. உயர்ந்தால் இரண்டு கரைக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, இரண்டையும் ஊறவைத்துவிடும். ரயிலுக்கும் கேடு, ஏரிக்கும் கேடு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மதகு இருக்கிறதே, ஒன்றாக்கிவிடலாமே என்ற யோசனை ஒவ்வொரு மதிப்பீட்டிலும் வரும். கணக்கில் அது சரியாகவே இருக்கும். இரண்டாவது மதகுக்குக் கீழே ஓடை எந்தக் குப்பத்துப் பக்கம் போகிறது என்பது அந்தக் கணக்கில் இருக்காது.

அத்திப்பட்டுக்கு வடக்கேயும் கூடுதல் தடம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. போடத்தான் வேண்டும். அதற்கு அளவெடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மதகுகளை மே மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு வரைபடத்தை முடிக்காதீர்கள். நவம்பரில், மழை விட்ட மறுநாள், பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம்வரை கரையோரமாக நடந்து போங்கள். ஏரியில் வலை போடுகிற ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு, எந்தெந்த மதகில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று சுவரிலேயே சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள்.