ரோலாண்ட்செக்கில் ஒரு வண்டி நிற்கும்

ஜெர்மனியின் பான் நகரில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளும் சனிக்கிழமை மதியமானால் கோப்ளென்ஸ் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறிவிடுவேன். இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். மேலெம் தாண்டியதும் ரைன் நதி கிட்டே வந்துவிடும். அடுத்த ஸ்டேஷன் ரோலாண்ட்செக். என்னோடு நாலைந்து பேர் இறங்குவார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த நடைமேடையில் ஓர் அமைதி வரும். அதற்காகவே போவேன்.

ஊர் சின்னது, ஸ்டேஷன் கட்டடமோ மாளிகை. ஆற்றைப் பார்த்த வார்ப்பிரும்பு வேலைப்பாட்டுத் தாழ்வாரமும் உள்ளே பெரிய மண்டபமுமாக நிற்கும். இவ்வளவு சின்ன ஊருக்கு இது எதற்கு என்று முதல் நாள் வியந்தேன். கொலோனிலிருந்து 1844இல் பான் வரை வந்த தண்டவாளம், 1856இல் இங்கே வந்து முடிந்திருக்கிறது. மேற்கொண்டு போக வேண்டியவர்கள் இறங்கி, எதிர்த் துறையில் நீராவிக் கப்பல் ஏறினார்கள். ஆனால் 1858இலேயே பாதை கோப்ளென்ஸ் வரை நீண்டுவிட்டது. கடைசி ஸ்டேஷன், வழியில் ஒரு ஸ்டேஷன் ஆயிற்று.

அதற்காக ஜனங்கள் வருவதை விட்டுவிடவில்லை. தாழ்வாரத்தில் நின்றால் அக்கரையில் டிராகன்ஃபெல்ஸ் குன்று, நடு ஆற்றில் நோனன்வெர்த் தீவு, தலைக்கு மேலே மலையில் ஒரு பழைய கோட்டையின் ஒற்றை வளைவு. போருக்குப் போன ரோலாண்ட் என்ற வீரன் இறந்துவிட்டான் என்று நம்பிய காதலி அந்தத் தீவு மடத்தில் கன்னியாஸ்திரீ ஆனாளாம். உயிரோடு திரும்பியவன் மலைமேல் இருந்து தீவைப் பார்த்தபடியே காலத்தைக் கழித்தானாம். ஊர்க்கதைதான். ஆனால் அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது நம்பத் தோன்றும். லிஸ்ட், பிராம்ஸ், கிளாரா ஷூமன் என்று இசைமேதைகள் எல்லாரும் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டடத்தைக் கவனிப்பார் இல்லை. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. 1964இல் யோஹன்னஸ் வாஸ்முத் என்ற பான் நகரக் கலைக்கூடக்காரர் குறுக்கே விழுந்து காப்பாற்றினார். ஓவியர்களையும் இசைக்கலைஞர்களையும் அழைத்துவந்து நிரப்பினார். அந்த ஒரு மனிதரின் பிடிவாதம் இல்லையென்றால் நான் எழுத இங்கே ஒன்றுமில்லை. 2007இல் ரிச்சர்ட் மையர் வடிவமைத்த வெள்ளைக் கட்டடம் மலைமேல் திறந்தது. சிற்பி ஹான்ஸ் ஆர்ப் பெயரில் அருங்காட்சியகம். ஸ்டேஷனுக்குள் நுழைந்து, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்க வழியாக நடந்து, லிஃப்டில் மேலே போக வேண்டும்.

ஜெர்மனியில் எத்தனையோ சின்ன ஸ்டேஷன் கட்டடங்கள் விலைபோய்விட்டன. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு டிக்கெட் இயந்திரமும் ஒரு நிழற்குடையும்தான் மிச்சம். ரோலாண்ட்செக் கொடுத்துவைத்தது.

ஒருநாள் மாலை அந்த மண்டபத்தில் பியானோ கச்சேரி. மெதுவான பகுதி, ஒவ்வொரு சுரமாக விழுந்துகொண்டிருந்தது. அப்போது சரக்கு வண்டி ஒன்று வந்தது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு ஜன்னல் கண்ணாடிகள். வாசித்தவர் கையைத் தூக்காமல் கடைசிச் சுரத்திலேயே நின்றார். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பக்கத்திலிருந்த பாட்டி என் பக்கம் குனிந்து, "ரயிலுக்காகக் கட்டிய மண்டபம்தானே" என்றார்.

ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே பார்த்த சிற்பங்கள் பாதி மறந்துவிட்டன. திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்த நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது: நீரோட்டத்தை எதிர்த்து ஊர்ந்து போகும் சரக்குப் படகு, பாட் ஹொன்னெஃப் கரைக்குப் போகும் ஃபெர்ரியின் விளக்கு, கையில் சூடு ஆறிக்கொண்டிருக்கும் காப்பி. அந்தக் காத்திருப்பு இன்னும் கொஞ்சம் நீளாதா என்று அப்போதே நினைத்திருக்கிறேன்.

கொலோனிலிருந்து மைன்ஸுக்குப் போகிறவர்கள் விரைவு வண்டியை ஒருநாள் விட்டுவிடுங்கள். பாசஞ்சரில் ஏறி, இடப்பக்கம் உட்காருங்கள். அது இன்றும் ரோலாண்ட்செக்கில் நிற்கிறது.