பேர் சொல்லாமல் போனவள்

வெண்டைக்காய் நறுக்கும்போது கையெல்லாம் வழவழவென்று ஆகிவிடுகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அப்படியொரு வழவழப்பை நம்பித்தான் ஜப்பானில் ஓர் ஊரே பிழைத்து வந்திருக்கிறது, தெரியுமோ?

ஃபுகுய் மாநிலத்து எச்சிசென்னில், மலையடிவாரத்தில் ஓக்கமோட்டோ என்று ஒரு சின்ன ஆறு. அதையொட்டி ஐந்து குக்கிராமங்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே காகிதம்தான் பிழைப்பு.

சுமார் 1,500 வருஷத்துக்கு முன் ஆற்றின் மேல்பக்கம் ஒரு பெண் வந்தாளாம். இங்கே வயல் குறைச்சல், தண்ணீரோ பளிங்கு மாதிரி. காகிதம் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கற்றும் கொடுத்தாளாம். பேர் கேட்டதற்கு, ஆற்றின் மேல்பக்கத்தில் இருப்பவள் என்றாளே தவிர, வேறொன்றும் சொல்லவில்லையாம். அவள்தான் இன்று ஊர்த் தெய்வம், கவகாமி கோஸென். மே மாதத் திருவிழாவில் பல்லக்கில் ஊர்வலம் வருகிறாள்.

வேலை லேசானதல்ல. மல்பெரி இனத்துச் செடியின் பட்டையை வேகவைத்து அலசி, தூசு துரும்பை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். நாம் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். பெரும்பாலும் பெண்கள் பார்த்த வேலை. பிறகு நாரை அடித்து நைத்துத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, வெண்டை இனத்துச் செடியான தொரோரோ-அவோய் வேரின் வழவழப்பைச் சேர்ப்பார்கள். அது பசை இல்லை. நார் அடியில் தங்காமல் சீராக மிதக்க உதவுகிறது. வெயில் காலத்தில் அந்தக் குணம் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் நல்ல காகிதத்துக்குக் குளிர்காலமே உகந்தது. பனித் தண்ணீரில் விறைக்கும் கைகளை நினைத்துப் பாருங்கள்!

1661-இல் ஃபுகுய் சிற்றரசு வெளியிட்ட பணத்தாளும், 1868-இல் மெய்ஜி அரசு வெளியிட்ட நோட்டும் இந்த ஊர்க் காகிதமே. இன்று கைவேலைக் கூடங்களோடு இயந்திர ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள் புது வீடுகளில் அருகிவிட்டன. கிராக்கி குறைந்தது. அந்த வழவழப்புச் செடியைப் பயிரிடுகிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பேரைச் சொல்லாமல் தொழிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண். கற்றுக்கொள்ள ஆள் இருந்ததால் அது நிலைத்தது. நம் வீட்டுப் பாட்டிமாரின் கைப்பக்குவமும் அப்படித்தானே? அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோமா?