ரொன்ஷான் குன்றின்மேல் ஒரு வெள்ளை ஆலயம்

பிரான்சு நாட்டின் கிழக்கே ரொன்ஷான் என்னும் சிற்றூர் உண்டு. ஊருக்கு மேலுள்ள குன்றினை நாம் கால்நடையாகவே ஏறினோம். மரங்கள் விலகியதும் வெண்சுவர்களும் அவற்றின்மேல் கவிந்த சாம்பல்நிறக் கூரையும் தென்பட்டன. உயர்ந்த கோபுரங்களைக் கண்டு பழகிய நமக்கு முதற்பார்வையில் இது கோயிலாகவே தோன்றவில்லை என்பதை ஒளிப்பானேன்?

இது தேவமாதாவின் பழைய திருத்தலம். முன்பிருந்த ஆலயம் 1944-இல் போரில் அழிந்தது. லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த புதிய ஆலயம் 1955 ஜூன் 25-ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டது. இடிந்த ஆலயத்தின் கற்களே புதுச் சுவர்களுள் இட்டு நிரப்பப்பட்டன. கூரையின் வடிவை நண்டின் ஓட்டிலிருந்து பெற்றதாக அவரே கூறினார்.

உள்ளே இருள். கண் பழகப் பழக, தென்சுவரில் சிறிதும் பெரிதுமான துளைகள் வழியே வண்ண ஒளி கசிவதைக் கண்டோம். அத்தனை கனத்த கூரை சுவரின்மேல் படியவில்லை. இடையே நாலைந்து விரற்கிடை அளவில் ஒளிக்கோடு ஓடுகிறது. கீழ்ச்சுவரின் கண்ணாடிப் பேழையில் மாதா சுரூபம் நிற்கிறது. வெளிப்பீடத்தைச் சுற்றி மக்கள் திரளும் நாட்களில் அதனை அவர்கள் பக்கம் திருப்பிவிடலாம்!

கற்கோயில் பல நூற்றாண்டுகள் நிற்கும், கான்கிரீட் அவ்வாறன்று. ஈரமும் கரியமில வாயுவும் மெல்ல உட்புக, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. ஒட்டுப்போட்டால் பழைய நிறமும் சொரசொரப்பும் மாறிவிடும். திருவிழாதோறும் பெயின்ட் அடிக்கும் நமது வழக்கம் இங்கே எடுபடாது. 2014 ஜனவரியில் கள்வர் ஒரு கண்ணாடியை உடைத்து உட்புகுந்தனர். அது கொர்புசியே தம் கையாலேயே வண்ணம் தீட்டியது. அவரோ 1965-இல் மறைந்தார். வேறொருவர் தீட்டினால் அது அவருடையதாகுமோ?

2016-இல் யுனெஸ்கோ, நம் சண்டிகரில் அவர் அமைத்த அரசு வளாகத்தோடு இவ்வாலயத்தையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதற்கு முன்னரே ஒரு வழக்கு எழுந்திருந்தது. புனித கிளாரா சபைக் கன்னியருக்கெனக் குன்றின் சரிவில் மடம் ஒன்றை அமைக்க ரென்சோ பியானோ திட்டமிட்டபோது, தலத்தின் தோற்றம் கெடும் எனக் கட்டடக் கலைஞர் பலர் எதிர்த்தனர். எனினும் மண்ணுக்குள் பாதி மறைந்தவாறு 2011-இல் மடம் திறக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் கவலை பொய்யன்று. ஆயினும் செபிப்பவர் இல்லாத சிற்றாலயத்தைப் பூசிக் காப்பதில் என்ன பயன் என்றே நமக்குத் தோன்றிற்று. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்றதுகூடச் சற்று உறுத்தவே செய்தது.

மாலையில் மணி ஒலித்தது. படமெடுத்துக்கொண்டிருந்தோர் சிலர் வெளியேறினர், சிலர் அமர்ந்தனர். நாமும் கடைசிப் பலகையில் இடம் பிடித்தோம்.